கல்மேல் நின்ற லாரியும் செங்கோடன் கல்யாணமும்

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில், மெயின் ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, பூச்சக்காட்டுப்புதூர் என்று ஓர் ஊர். நல்ல ஊர். மரவள்ளிக் கிழங்கு அமோகமாக விளையும். வந்தவர்களுக்கு ஒரு சொம்பு மோர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். ஒரே ஒரு சங்கதிதான். அந்த ஊர்க்காரர்களிடம் எதையும் யோசித்துச் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னபடியே செய்துவிடுவார்கள்.

டவுன் பஸ் கண்டக்டர்களுக்கெல்லாம் இது தெரியும். புதிதாக வந்த ஒருத்தர் மட்டும் விவரம் தெரியாமல், "நிக்காதீங்க, முன்னால போய்க்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டார். பின்வாசலில் ஏறிய புதூர்க்காரர்கள் போய்க்கொண்டே இருந்து, முன்வாசலில் இறங்கி, நடந்து வந்து மறுபடியும் பின்வாசலில் ஏறினார்கள். இப்படியே பஸ் புறப்பட வெகுநேரம் ஆயிற்று. கண்டக்டர் அழுதுவிட்டதாகச் சொல்கிறார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொல்வதாக இருக்கலாம்.

இந்த ஊர்ப் பிள்ளைதான் செங்கோடன். அப்பா அம்மா இல்லாதவன், பெரியப்பா குப்பண்ணன் வீட்டில் வளர்ந்தவன். திடகாத்திரமான ஆள், வெள்ளை மனசு, மூன்று வேளையும் இரண்டு தடவை சோறு போட்டுக்கொள்வான். அப்படிப்பட்டவன் ஒரு நாள் இரண்டாவது சோறு வேண்டாம் என்று இலையை மடித்துவிட்டான்.

குப்பண்ணன் பதறிப்போனார். "ஏன்றா, வயிறு சரியில்லையா?"

"வயிறு நல்லாத்தான் இருக்குதுங்க பெரியப்பா. மனசுதான்" என்றான்.

விஷயம் இதுதான். அன்று காலையில் ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு ஏற்ற லாரி வந்திருந்தது. லாரிக்காரர் வையாபுரியின் மகள் கோகிலாவும் கூட வந்திருந்தாள். மூட்டைகளுக்கு மேலே ஏறி நின்று, தார்ப்பாயை இழுத்துப் போட்டு, கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு அவள் முடிச்சுப் போட்ட அழகைக் கீழே நின்று பார்த்தான் செங்கோடன். அவ்வளவுதான். அந்த முடிச்சில் அவனும் சேர்ந்து மாட்டிக்கொண்டான். கட்டினால் அவளைத்தான் கட்டுவது, இல்லையென்றால் வாழ்நாள் முழுக்க ஒரு தடவைதான் சோறு என்று முடிவுகட்டிவிட்டான்.

மறுநாளே பெரியவர்கள் மூன்று பேர் செங்கோடனையும் கூட்டிக்கொண்டு பெண் கேட்கக் கிளம்பினார்கள். முதல் ஆள் குப்பண்ணன். மாடு பார்ப்பதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. இரண்டாவது ஆள் அத்தப்பன், எதையும் ஆழமாக யோசிக்கிறவர், அதனால் அடிக்கடி தலைவலி வரும். மூன்றாவது சின்னமுத்து. தோளில் கயிறு இல்லாமல் அவர் வெளியே இறங்கினதை யாரும் பார்த்ததில்லை. எங்கே எதை வாங்க நேருமோ, கட்டி இழுத்து வரக் கயிறு வேண்டாமா?

வையாபுரி தன் லாரிப்பட்டறையில் டயர் கழற்றிக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை, வேலை நடுவில் பேச்சுக் கொடுத்தால் மட்டும் கோபம் வரும். வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஸ்பேனரால் செங்கோடனைச் சுட்டிக் காட்டினார்.

"பையனுக்கு லாரி ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுங்க மாமா" என்றான் செங்கோடன்.

"என்ற ஊட்டுக்கு மாப்பிள்ளையா வர்றவனுக்கு லாரி ஓட்டத் தெரியோணும். இப்பச் சொல்றேன், கேட்டுக்குங்க. பொங்கலுக்குள்ள, உங்க ஊர்ல கெழங்கு ஏத்துன லாரி ஆலைக்குப் போயி, ஒரு கெழங்கு சிந்தாம, ஒரு கீறல் படாம, திரும்பி உங்க ஊருக்கே வந்து நிக்கோணும். நின்னுதுன்னா அந்த நிமிசமே தாம்பூலம் மாத்திக்கலாம். நிக்கலீன்னா பொண்ணுப் பேச்சை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வரப்படாது."

"ஓட்டப் பழகோணும்னா எங்க சேர்றதுங்க?" என்று கேட்டார் அத்தப்பன்.

வையாபுரிக்குப் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. "டவுனுக்குள்ள லாரி டிரைவிங் ஸ்கூல் இருக்குது. கண்ட எடத்துல போயிச் சேந்துறாதீங்க. நாலு எடம் பாருங்க. மாடு வாங்கறப்ப எப்புடிப் பாப்பீங்களோ, அப்புடிப் பாருங்க. சொல்லிக் குடுக்கற மாஸ்டரு நிதானமான ஆளா இருக்கோணும். வண்டி இதுவரைக்கும் எங்கயும் போயி இடிச்சதில்லீன்னு இருக்கோணும். போதுமா?"

மாடு வாங்குகிற மாதிரி என்ற வார்த்தையைக் கேட்டதும் குப்பண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை சுளுவான வேலையா என்று அவருக்கு மனசுக்குள் சந்தோஷம்.

பட்டறையின் மறுபக்கம் லாரிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த கோகிலா இதையெல்லாம் கேட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு லாரி ஓட்டுவது அத்துப்படி. லைசென்ஸ்கூட எடுத்து வைத்திருந்தாள். ஆனால் ஊர் சிரிக்கும் என்று சொல்லி அப்பா அவளை ஸ்டியரிங்கைத் தொட விடுவதில்லை. பட்டறைக்குள்ளேயே வண்டியை முன்னே பின்னே எடுத்துக் கழுவுவதோடு சரி.

செவ்வாய்க்கிழமை டவுனுக்குக் கிளம்பினார்கள். மாட்டுச் சந்தை கூடுகிற கிழமை அதுதான். குப்பண்ணன் விலை பேசத் துண்டு எடுத்துக்கொண்டார். அத்தப்பன் ஒரு கட்டு வைக்கோல் எடுத்துக்கொண்டார். சின்னமுத்து இரண்டு கயிறு எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு எதுக்கு?" என்றார் அத்தப்பன்.

"மாஸ்டருக்கு ஒண்ணு, வண்டிக்கு ஒண்ணு. ரெண்டையும் ஒரே கயித்துல கட்டினா ஒண்ணையொண்ணு முட்டிக்கும்."

அத்தப்பன் யோசித்துப் பார்த்தார். அதுவும் வாஸ்தவமாகத்தான் பட்டது.

முதலில் பார்த்த இடம் பெரிய இடம். வாசலில் மூன்று லாரி நின்றது. மாஸ்டர் வாட்டசாட்டமான ஆள், முன்தலை பின்தலை எல்லாம் வழுக்கை. "வாங்க, உக்காருங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் குப்பண்ணன் கிட்டே போய், இரண்டு விரலால் அவருடைய மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"பல்லு முழுசா முளைச்சிருச்சு. வயசாச்சு. ஆனா உழைக்கும்" என்றார்.

மாஸ்டருக்கு என்ன நடக்கிறது என்றே பிடிபடவில்லை. அதற்குள் குப்பண்ணன் பின்பக்கமாகப் போய் மண்டையைத் தடவினார். மாட்டுக்கு மயிர்ச்சுழி பார்க்காமல் அவர் வாங்கியதே கிடையாது. தடவித் தடவிப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"அத்தப்பா, இங்க வா. ஒரு சுழிகூட இல்லை."

"எப்புடி இல்லாமப் போவும்? வழிச்சுட்டு நிக்க வெச்சிருக்காங்க. கெட்ட சுழியா இருந்திருக்கும்."

"நடக்க உட்டுப் பாத்துறலாம்" என்ற சின்னமுத்து, கையிலிருந்த குச்சியால் மாஸ்டரின் பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டி, "ஹை, ஹை" என்றார்.

அதன்பிறகு மாஸ்டர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. வாசல்வரை துரத்திக்கொண்டு வந்தார், ஒரு செருப்பையும் எறிந்தார். ரோட்டுக்கு வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே குப்பண்ணன் சொன்னார், "நிதானம் போதாது. எட்டி உதைக்குது."

இரண்டாவது இடம் குளுகுளு என்று ஏசி போட்டிருந்தது. கழுத்தில் டை கட்டிய மேனேஜர் அவர்களை ஓர் அறைக்குள் கூட்டிப்போனார். உள்ளே லாரி இல்லை. ஒரு சீட்டு, ஒரு ஸ்டியரிங், எதிரே சுவர் அளவுக்கு ஒரு டிவி. "இதுல ஓட்டிப் பழகிட்டா ரோட்டுல பயமே இருக்காது. உக்காந்து பாருங்க தம்பி" என்றார்.

செங்கோடன் உட்கார்ந்தான். டிவியில் ரோடு ஓட ஆரம்பித்தது. பெரியவர்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ரோட்டோரப் புதரிலிருந்து ஓர் எருமை நடுரோட்டுக்கு வந்தது. டமார் என்று ஒரு சத்தம். டிவி முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

குப்பண்ணன் மெல்ல முன்னால் வந்து தலைப்பாகையை அவிழ்த்தார்.

"எருமை யாரோடதுங்க?"

"ஐயா, அது படம்."

"சொந்தக்காரரைக் கூப்பிடுங்க. அடிச்சுட்டு ஓடற ஆளுக நாங்க இல்லை."

"ஐயா, எருமையே இல்லீங்க!"

"அதுக்குள்ள அப்புறப்படுத்திட்டீங்களா?" என்று அத்தப்பன் டிவிக்குப் பின்னால் போய்த் தேடினார். ஒயர்தான் இருந்தது. ரத்தம்கூட இல்லை. மேனேஜர் அவசரமாக ஒரு பொத்தானை அழுத்தி ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினார். அதே ரோடு வந்தது, அதே புதர் வந்தது, அதே எருமை நடந்து வந்தது.

"எந்திரிச்சிருச்சு! எந்திரிச்சு நடக்குது!" என்று சின்னமுத்து கைதட்டினார். செங்கோடனும் சந்தோஷத்தில் எருமையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டான். மறுபடியும் டமார்.

ஒரே எருமையை இரண்டு தடவை அடித்த பாவத்துக்கு என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கொண்டுவந்திருந்த வைக்கோலை டிவிக்கு முன்னால் பரப்பிப் போட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்கள். இடிக்கிற வண்டி வேண்டாம் என்று வையாபுரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாரே.

அடுத்ததாக ஒரு சிக்கல். விசாரித்துப் பார்த்ததில் டவுனில் இருந்த லாரிப் பள்ளிக்கூடமே மொத்தம் மூன்றுதான். வையாபுரி பார்க்கச் சொன்னது நாலு இடம். ஓர் இடம் குறைந்தால் சொன்ன சொல் தவறியதாக ஆகிவிடாதா? அத்தப்பனுக்குத் தலைவலி வந்துவிட்டது. கடைசியில் எதிரே இருந்த தையல் பயிற்சி நிலையத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

பார்க்கப் போன இடத்தில் மனசைப் பறிகொடுத்துவிட்டார்கள். வரிசையாகப் பெண்பிள்ளைகள் உட்கார்ந்து காலால் மிதிக்கிறார்கள், சக்கரம் சுற்றுகிறது, சத்தம் வருகிறது, ஆனால் எந்த வண்டியும் எதன்மேலும் போய் மோதவில்லை.

"இதிலயே சேத்துறலாமே" என்றார் சின்னமுத்து.

செங்கோடனுக்கு அழுகை முட்டியது. கண்முன்னால் கோகிலா தார்ப்பாயோடு தூரத்தில் போவதுபோல் இருந்தது. "பெரியப்பா, இதுல கெழங்கு ஏத்த முடியாதுங்க!"

குப்பண்ணன் ஒரு தையல் மெஷினை நாலாபக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆமா, ஒரு மூட்டைக்கு மேல தாங்காது" என்று மனமில்லாமல் கிளம்பினார்.

கடைசி இடம் ஊருக்கு வெளியே இருந்தது. கீற்றுக்கொட்டகைக்கு அடியில் கயிற்றுக்கட்டில் போட்டுத் தங்கராசு மாஸ்டர் அரைத்தூக்கத்தில் இருந்தார். வயசான மனுஷர். பக்கத்திலேயே ஒரு பழைய லாரி நின்றது. பின்பக்கத்து அச்சுக்கு அடியில் கருங்கல் அடுக்கி, பின்சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கி வைத்திருந்தார். புதிதாகப் பழகுகிறவர்கள் கிளட்சும் கியரும் போட்டுப் பார்ப்பதற்காக அந்த ஏற்பாடு. சக்கரம் சுற்றும், வண்டி நிற்கும்.

குப்பண்ணன் கிட்டே போய், "பல்லைக் கொஞ்சம் பாக்கோணுங்க" என்றார்.

மாஸ்டர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பல் செட்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

குப்பண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருசமாச் சந்தைக்குப் போறேன். கேட்டதும் பல்லைக் கையில எடுத்துக் குடுத்த நேர்மை எங்கயும் பாத்ததில்லை" என்றார். தலையைத் தடவிப் பார்த்தார். முடி அடர்த்தியாக இருந்தது, சுழியும் சுத்தமாக இருந்தது. சின்னமுத்து பின்னால் ஒரு தட்டுத் தட்டினார். மாஸ்டர் புரண்டு படுத்தார். நிதானத்தில் நூற்றுக்கு நூறு.

பல்லை வாங்கி மாட்டிக்கொண்டு மாஸ்டர் எழுந்ததும் அத்தப்பன் விசாரித்தார்.

"இந்த வண்டி எத்தனை வருசமா ஓடுதுங்க?"

"ஆச்சு, பன்னெண்டு வருசம்."

"எங்கயாச்சும் போயி இடிச்சிருக்குதுங்களா?"

"இதா? இது எங்க போயி இடிக்கும்? ஒரு கீறல் கெடையாது."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செங்கோடனுக்கும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியது. தேடிவந்தது கிடைத்துவிட்டது. மாட்டுச் சந்தையில் பேசுகிற மாதிரியே துண்டைப் போர்த்தி உள்ளே விரலைப் பிடித்து விலை பேசினார்கள். மாஸ்டருக்குக் கூச்சம் ஜாஸ்தி, விரலைத் தொட்டதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே பேரம் படிந்தது. சின்னமுத்து லாரியின் முன்னால் கயிற்றைக் கட்டி, "ஹை, வா வா" என்று இழுத்தார். பள்ளிக்கூடம் இங்கேதான் இருக்கும், பையன்தான் தினமும் வர வேண்டும் என்று மாஸ்டர் விளக்கினார். இத்தனை தூரம் கயிற்றைச் சுமந்து வந்தது வீணாயிற்றே என்று சின்னமுத்துக்கு மனக்குறை.

மாஸ்டர் ஏமாற்றுக்காரர் இல்லை. "முதல் மாசம் இந்தக் கல்லு வண்டி. ரெண்டாவது மாசம் இன்னொரு வண்டியில ரோட்டுக்குக் கூட்டிப் போவேன்" என்று ஒழுங்காகத்தான் சொன்னார்.

"அந்த வண்டி இடிச்சிருக்குதுங்களா?" என்றார் அத்தப்பன்.

"ஒரே ஒரு தடவை, மைல்கல்லுல, லேசா."

"அது வேண்டாங்க. ரெண்டாவது மாசமும் இதிலயே ஓட்டட்டும்."

செங்கோடன் உயிரைக் கொடுத்துப் பழகினான். விடிந்ததும் வந்து ஏறுவான், சாயங்காலம்வரை இறங்க மாட்டான். கியர் மாற்றினால் சத்தமே கேட்காது. கிளட்சை விடும்போது குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் விடுவான். வாரம் ஒருமுறை பெரியவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பார்க்க வருவார்கள். கருங்கல்லுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார் குப்பண்ணன். ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்ப்பார்.

"ஒரு நூல் நவுரலை" என்பார் பெருமையாக. "நாலாவது கியர்ல போறான், ஒரு நூல் நவுரலை!"

பொங்கலுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது வையாபுரி ஒரு டிரைவரோடும் கோகிலாவோடும் லாரியை அனுப்பினார். டிரைவர் வண்டியை விட்டுவிட்டு, பொங்கலுக்குத் தன் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். ஊரே கூடிக் கிழங்கு ஏற்றியது. வையாபுரி மொபெட்டில் வந்து இறங்கினார். "பழகற பையன் ஓட்டறப்ப லைசென்ஸ் இருக்கறவங்க ஒருத்தர் பக்கத்துல உக்காரோணும், அது சட்டம். எனக்கு முதுகு புடிச்சிருக்குது, லாரியில ஏற முடியாது. கோகிலா உக்காரட்டும். கெழங்கு சிந்துதான்னு நான் பின்னாலயே வர்றேன்" என்றார்.

செங்கோடன் சீட்டில் உட்கார்ந்தான். பக்கத்தில் கோகிலா. அவள் வைத்திருந்த கனகாம்பரத்தைப் பார்த்துவிட்டால் கியர் மறந்துபோகும் என்று நேராகவே பார்த்தான். கண்ணாடியைச் சரிசெய்தான். ஹாரன் அடித்தான். சாவியைத் திருப்பினான், கிளட்சை மிதித்தான், கியரைப் போட்டான், கிளட்சை மெல்ல மெல்ல விட்டான். தங்கராசு மாஸ்டர் பார்த்திருந்தால் ஆனந்தக்கண்ணீர் விட்டிருப்பார்.

லாரி புறப்பட்டது.

எதிரே தூரத்தில் நின்ற புளியமரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. இரண்டு மாசம் லாரி ஓட்டியதில் எந்த மரமும் அப்படிப் பெரிதானதே கிடையாது.

"கோகிலா! மரம் கிட்ட வருது!"

"ஸ்டியரிங்கைத் திருப்புங்க!"

"வண்டி கெட்டுப்போச்சு கோகிலா! நவுருது!"

வண்டியில் கோளாறு என்று தெரிந்தால் பதற்றப்படாமல் கீழே இறங்கி, அடியில் குனிந்து பார்க்க வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். செங்கோடன் பதற்றப்படவில்லை. கதவைத் திறந்து இறங்கினான். கதவைச் சாத்தவும் மறக்கவில்லை. லாரி ஊர்ந்துகொண்டிருந்ததால் கூடவே நடந்து, குனிந்து குனிந்து அடியில் பார்த்துக்கொண்டே போனான். கல் எதையும் காணோம்.

கோகிலா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. நகர்ந்து டிரைவர் சீட்டுக்கு வந்தாள். புளியமரத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது ஸ்டியரிங்கை ஒடித்தாள். ஹாரனை ஓர் அழுத்து அழுத்தினாள். இரண்டாவது கியர், மூன்றாவது கியர், அப்புறம் புழுதிதான் தெரிந்தது.

"பொண்ணைத் தூக்கிக்கிட்டு லாரி ஓடுது! புடிங்க, புடிங்க!" என்று சின்னமுத்து கயிற்றைச் சுழற்றிக்கொண்டே ஓடினார். வையாபுரி வைதுகொண்டே மொபெட்டை விரட்டினார்.

செங்கோடன் புளியமரத்தடியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். இரண்டு மாசம் ஒரு நூல் நகராமல் ஓட்டியவன், வாழ்க்கையில் மிக முக்கியமான நாளில் வண்டியை ஓட விட்டுவிட்டானே. கோகிலா கைவிட்டுப் போய்விட்டாள். இனி என்ன இருந்து என்ன? மத்தியானம் குப்பண்ணன் சோற்றுப்போசியைக் கொண்டுவந்து வைத்தபோது முதல் சோறே வேண்டாம் என்று தலையாட்டிவிட்டான்.

வெயில் தாழ்கிற நேரத்துக்கு லாரி திரும்பி வந்தது. காலி வண்டி. காலையில் நின்ற அதே இடத்தில், ரிவர்ஸ் எடுத்து நறுக்கென்று நிறுத்திவிட்டுக் கோகிலா இறங்கினாள். பின்னாலேயே புழுதி அப்பிய முகத்தோடு வையாபுரி வந்து சேர்ந்தார்.

"ஓடற வண்டியில இருந்து எறங்கி நடந்து போனவனுக்கா என்ற புள்ளயைக் குடுப்பேன்? பேச்சு முடிஞ்சுது. கோகிலா, ஏறு வண்டியில!"

"கொஞ்சம் இருங்க" என்றார் குப்பண்ணன். அவர் குரலில் கோபமே இல்லை, சந்தையில் கணக்குத் தீர்க்கிற நிதானம்தான் இருந்தது. "கெழங்கு எதாச்சும் சிந்துச்சுங்களா?"

"இல்லை. பின்னாலயே போனேனே."

சின்னமுத்து லாரியை நாலாபக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, "கீறலும் இல்லீங்க" என்றார்.

"ஆலைக்குப் போச்சுங்களா?"

"போச்சு."

"திரும்பி வந்து நம்மூர்ல நிக்குதுங்களா?"

"கண்ணு தெரியலியா? நிக்குது!"

"அப்ப தாம்பூலத் தட்டை எடுங்க. இது அத்தனையும் நடந்தா அந்த நிமிசமே மாத்திக்கலாம்னு சொன்னீங்க."

"யோவ், ஓட்டுனது என்ற புள்ளய்யா!"

"யாரு ஓட்டோணும்னு நீங்க சொல்லலீங்களே" என்றார் அத்தப்பன் மரியாதையாக. "சொல்லியிருந்தா சொன்னபடி செஞ்சிருப்போம். நாங்க ஒரு வார்த்தை மாத்த மாட்டோம்."

வையாபுரி சுற்றிலும் பார்த்தார். சொன்னது அவர்தான். ஊரே கூடி நிற்கிறது. கடைசி நம்பிக்கையாக மகள் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு தாயி. இவன் வேணுமா உனக்கு?"

"வேணும்ப்பா" என்றாள் கோகிலா. அழுது வீங்கிய கண்ணோடு மரத்தடியில் நின்ற செங்கோடனைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாசமும் வந்தது. "இதுவரைக்கும் வந்த மாப்பிள்ளைக எல்லாம் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு வந்தாங்க. வண்டி ஓடறப்பவே எனக்குன்னு உட்டுக் குடுத்துட்டு எறங்குனது இவரு ஒருத்தருதான்."

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. வையாபுரி மனசு இளகி அந்த லாரியையே சீராகக் கொடுத்தார். கோகிலா ஓட்டினாள். செங்கோடன் பக்கத்து சீட்டில் சோற்றுப்போசியை மடியில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி போய்வந்தான். மறுபடியும் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டான். ஊர்க் கிழங்கெல்லாம் நேரத்துக்கு ஆலைக்குப் போயிற்று.

ஆனால் புதூர்ப் பெரியவர்களுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் கிழங்குக் களத்தில் கூடிப் பேசினார்கள்.

"பொண்ணு தங்கமான பொண்ணு. குத்தம் சொல்லக் கூடாது" என்று ஆரம்பித்தார் குப்பண்ணன். "ஆனாப் பாரு, அவ ஏறி உக்காந்தா வண்டி ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது."

"செங்கோடன் ரெண்டு மாசம் ஓட்டுனான். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டலை" என்றார் சின்னமுத்து.

"பயிற்சி இல்லாத குறைதான்" என்றார் அத்தப்பன். "அப்பன்காரன் லாரி வெச்சிருந்தும் ஒரு நல்ல பள்ளிக்கூடத்துல சேத்து உடலையே."

தங்கராசு மாஸ்டரிடமே கோகிலாவைச் சேர்த்துவிடுவது என்று முடிவாயிற்று. சொன்னபோது கோகிலா முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "சரீங்க பெரியமாமா, வண்டியில ஏறுங்க. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அவர்கள் ஏற, அவர்களைப் பார்த்து மற்றவர்கள் ஏற, ஊர் முழுக்க ஏறிவிட்டது. அவள் ஓட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கினாள்.

"மாஸ்டர், இந்தப் பொண்ணு ஓட்டுனா வண்டி ஓடுதுங்க. நீங்கதான் எப்புடியாச்சும் நிறுத்திக் குடுக்கோணும்" என்று கும்பிட்டார் குப்பண்ணன்.

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. வந்தவரை லாபம் என்று கோகிலாவைக் கல்வண்டியில் ஏற்றினார். அந்த வண்டிமேல் அவருக்கு உயிர். ஓடாத டயருக்குக்கூடத் தவறாமல் காற்றடித்து வைத்திருப்பார். செங்கோடன் வழக்கம்போல் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான். பாடம் நடப்பதைக் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டாமா? ஊர் முழுக்கப் பின்பக்கம் லாரிமேல் ஏறி நின்றது.

கோகிலா கியரைப் போட்டாள். பின்னால் ஊர்ச் சுமை அழுத்தியது. பன்னிரண்டு வருஷமாக அசையாமல் தாங்கிய கருங்கற்கள் முனகின. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. சுற்றிக்கொண்டிருந்த பின்சக்கரங்கள் தரையில் பட்டதும் லாரி ஒரு துள்ளுத் துள்ளி, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, கீற்றுக்கொட்டகையின் ஒரு காலைச் சாய்த்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டது.

"வண்டி! என்ற வண்டி!" என்று தங்கராசு மாஸ்டர் பல் செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்.

உள்ளே செங்கோடன் கண்ணை இறுக மூடிக்கொண்டு பெண்டாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டான். கோகிலா சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வண்டி ஏற்கனவே புதூர்ப் பக்கம் திரும்பியிருந்தது, சரி, மாமனார்களை ஊரிலேயே இறக்கிவிட்டு, பிற்பாடு மாஸ்டரிடம் வண்டியைக் கொண்டுவந்து விடலாம் என்று நாலாவது கியருக்குப் போனாள்.

மேலே குப்பண்ணனின் மீசை காற்றில் பறந்தது. அவர் பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி பெருமூச்சு விட்டார். "பல்லைப் பாத்தோம், சுழியைப் பாத்தோம், நிதானத்தைப் பாத்தோம். சந்தையில சமத்தா நின்னுச்சு. கட்டுத்தறியை உட்டதும் இந்த ஓட்டம் ஓடுதே!"

"இந்தப் பள்ளிக்கூடம் இனித் தேறாது" என்றார் அத்தப்பன். "வேற நாலு எடம் பாத்துத்தான் பொண்ணைச் சேக்கோணும்."

சின்னமுத்து மட்டும் அவர்கள் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. தோளைத் தடவித் தடவிப் பார்த்தவர், இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு ரெண்டு கயிறு கொண்டு போனோம், பள்ளிக்கூடம் வரமாட்டேன்னு நின்னுச்சு. இன்னிக்குப் பள்ளிக்கூடமே ஊட்டுக்கு வருது, கயித்தை நாம வந்த லாரியில வெச்சுட்டு வந்துட்டேனே! ஊருக்குப் போனதும் இதை எதுல புடிச்சுக் கட்டறது?"